கொன்ராவுக்கு உதிரிப்பாகம் தேடி

1929இல் ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரின் கான்ஸ்டாட் பகுதியில் அந்திரேயாஸ் ஸ்டீல் செய்த பெற்றோல் மரவாளின் எடை 46 கிலோ. வலு ஆறு குதிரை. முப்பது ஆண்டு கழித்து, 1959இல், அதே நிறுவனம் வெளியிட்ட ‘கொன்ரா’வுக்கும் ஆறு குதிரைவலுதான், எடை ஏறத்தாழ 12 கிலோ. இடையில் குறைந்த அந்த 34 கிலோதான் சங்கிலி வாளின் வரலாறு. ஒரு பழைய கொன்ராவைக் கழற்றிப் பூட்டியபோதுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது.

ஸ்டீலுக்கு முன்பே, 1927இல், எமில் லேர்ப் என்பவர் தூரிங்கியா மாநிலத்தின் டொல்மார் மலையில் ஒரு பெற்றோல் வாளை ஓட்டிக் காட்டியிருந்தார். அது 58 கிலோ. அந்தக் காலத்து வாள்களுக்கு ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் வேண்டும். காட்டு மேட்டில் ஏற்றி இறக்குவதிலேயே பாதி நாள் போகும்.

என் கைக்கு வந்த கொன்ரா, வைப்லிங்கன் பக்கத்துக் கிராமத்தில் ஓய்வுபெற்ற வனத்தொழிலாளி ஒருவருடையது. கொட்டிலில் வைக்கோல் தூசிக்குள் கிடந்தது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைவழியே டீசல் ஊற்றி ஊறவிட்டேன். துரு இளகியதும் பறக்கும் சில்லைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்ட, ஒருநாள் பிஸ்டன் வழிவிட்டது. சிலிண்டர் சுவரில் ஆழமான கீறல் இல்லை. அது தெரிந்த பிறகே பாகம் தேட இறங்கினேன். சிலிண்டர் போயிருந்தால் செலவுக்கு முடிவே இருக்காது.

முதலில் காபுரேட்டர். பழைய வாள்களில் மிதவைக் கிண்ணம் வைத்த காபுரேட்டர் இருந்தது. வாளைச் சரித்தால் மிதவை தடுமாறும், பெற்றோல் ஒழுங்காக வராது. மரத்தை நிற்கையில் தறிக்க வாள் படுக்கையாக வேண்டும். விழுந்த மரத்தைத் துண்டு போட நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் எஞ்சினை நிமிர்த்தியபடியே வைத்து, வெட்டும் பட்டையை மட்டும் திருப்புகிற கனத்த பூட்டுகளைச் செய்தார்கள். அமெரிக்காவின் டொலிடோ நகரத்து டில்லட்சன் நிறுவனம் கொண்டுவந்த சவ்வுக் காபுரேட்டர் அந்தப் பூட்டுகளையெல்லாம் தேவையற்றதாக்கியது. மெல்லிய சவ்வொன்று துடித்துத் துடித்துப் பெற்றோலை அளந்து விடும். தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் நிற்காது. கொன்ராவில் இருப்பது அந்த டில்லட்சன் எச்எல் வகைதான். என் வாளில் சவ்வு காய்ந்து அப்பளமாகியிருந்தது. புதிய சவ்வுத் தொகுதி இன்றும் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

அடுத்தது சங்கிலி. ஆரம்பகாலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின. அடிக்கடி மழுங்கின. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் தறிக்கும் ஜோசப் காக்ஸ், ஓர் அடிமரக் கட்டையில் வண்டின் புழு நாரின் வாக்கிலும் நாருக்குக் குறுக்காகவும் ஒரேமாதிரி அரித்துக்கொண்டு போவதைக் கண்டார். அதன் தாடைகளைப் பார்த்து வளைந்த பல்லை வடிவமைத்து, 1947இல் போர்ட்லண்டில் தன் வீட்டு நிலவறையிலேயே சங்கிலித் தொழிலைத் தொடங்கினார். இன்றைய சங்கிலிகள் அந்தப் பல்லின் வழிவந்தவை.

நல்ல சங்கிலியும் எந்தப் பக்கம் சரித்தாலும் ஓடும் எஞ்சினும் சேர்ந்தபோது, நடுவில் இருந்த பற்சக்கரப் பெட்டியையும் தூக்கி எறிய முடிந்தது. கொன்ராவில் எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியே நேராகச் சங்கிலிக்குப் போகிறது. அமெரிக்காவில் மெக்கல்லக் நிறுவனம் 1949இலேயே 25 இறாத்தல் வாளை விற்றது உண்மை. ஆனால் 106 சிசி எஞ்சினைத் தனியொருவர் தோளில் சுமந்து காட்டுக்குள் போக வழிசெய்ததில் கொன்ராவுக்கே முதல் மரியாதை என்பேன்.

பிஸ்டன் வளையம் கிடைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிடைத்தது. கொன்ராவின் வழியில் வந்த 070 என்ற வாளுக்கும் 58 மில்லிமீட்டர் பிஸ்டன்தான். ஐரோப்பாவில் அதன் காலம் முடிந்த பிறகும் தென்னமெரிக்காவிலும் ஆசியாவிலும் நெடுங்காலம் அது விற்றது. பாகங்களும் தொடர்ந்து வந்தன. சங்கிலி வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். கொன்ராவின் 0.404 அங்குல இடைவெளிச் சங்கிலியை இன்றைய பெரிய மர அறுவடை இயந்திரங்களும் பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றின் சங்கிலி தடித்தது; கொன்ரா பட்டையின் 1.6 மில்லிமீட்டர் தவாளிப்புக்குள் இறங்காது.

கிராங்கின் இருபுறமும் உள்ள ரப்பர் சீல்களைப் பலர் மாற்றாமல் விடுகிறார்கள். அது பெரிய பிழை. காய்ந்த சீல் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெற்றோல் குறையும். அதோடு, பெற்றோலில் கலந்திருக்கும் எண்ணெயும் குறையும். எஞ்சின் சூடேறி, பாடுபட்டு மீட்ட பிஸ்டனே உருகிப் பிடித்துவிடும்.

வாள் ஓடத் தொடங்கியதும் அந்த முதியவரை அழைத்துக் காட்டினேன். சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. பிறகு கைகளை நீட்டிக் காட்டினார். குளிர் பட்டால் அவருடைய விரல்கள் இரத்தமற்று வெளுத்துவிடும். அதிர்வால் வரும் தொழில்நோய் அது. அவர் தலைமுறை வனத்தொழிலாளர் பலருக்கு உண்டு. கொன்ராவில் கைப்பிடி எஞ்சினோடு நேரே பூட்டியிருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் அறுபதுகளில்தான் வாள்களில் வரத் தொடங்கின. சங்கிலியை நிறுத்தும் தடுப்பான் எழுபதுகளில் வந்தது. எடை குறைந்ததைக் கொண்டாடுகிற வரலாறு இந்த விரல்களையும் எழுதவேண்டும்.

உங்கள் கொட்டிலில் இப்படியொரு வாள் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிளக்கில் பொறி வருகிறதா, சிலிண்டர் நலமா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் மற்றவை தேடினால் கிடைக்கும். ஓடவைத்த பின் ஒரு கட்டையை அறுத்துப் பாருங்கள். நாள்முழுக்க மரம் அறுக்கும் வேலை இருந்தால், தடுப்பான் உள்ள புதிய வாளை எடுங்கள்.