ஜஸரீயின் யானையும் சுல்தானாவின் கனவும்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நம்மிடம் ஓத வந்த மாணவர் ஒருவர், விடுமுறை முடிந்து திரும்பியபோது ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தயக்கத்துடன் நீட்டினார். தாம் எழுதிய கதை என்றார். ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் அவருடைய ஊருக்கு மேலே நீராவி ஊர்திகள் பறக்கின்றன. கச்சேரியில் பித்தளை மனிதர்கள் வரிக்கணக்கு எழுதுகின்றனர். மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது முஸ்லிம்கள் எதிர்கொண்டு வரவேற்கும் வழக்கம் மட்டும் உள்ளது உள்ளபடியே வருகிறது. படித்து முடித்த நமக்கு அந்த ஊர்வலம் ஒன்றே மெய்யாகத் தோன்றியது. ஏனையவை தாளில் ஒட்டிய படங்களாகவே நின்றன. பிழை எங்கே என்று அவர் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இவ்வகைக் கதைகளை மேலைநாட்டார் ‘ஸ்டீம்பங்க்’ என்பர். கே.டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1987-இல் விளையாட்டாக வழங்கிய பெயர் அது. நீராவியும் பற்சக்கரமுமே உலகின் வேலைகளை எல்லாம் செய்திருந்தால் எப்படியிருக்கும் என்பதே அதன் அடிப்படை. பெயர்தான் புதிது; சரக்கு பழையது.

நம் முன்னோரின் ‘இல்முல் ஹியல்’ இதற்குத் தாயகம் எனலாம். (‘ஹீலா’ என்றதும் ஃபிக்ஹு கிதாபுகளில் வரும் தந்திரங்களே நம் மாணவர்களுக்கு நினைவு வரும். இங்கே அது பொறிநுட்பத்தைக் குறிக்கும்.) கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் இத்துறையில் நூல் செய்தனர். ஹிஜ்ரி 602-இல், அதாவது கி.பி. 1206-இல், தியார்பக்ரின் அர்துக்கிய அரசவையில் பணிபுரிந்த அல்ஜஸரீ, ஐம்பது பொறிகளை விவரிக்கும் தம் பெருநூலை முடித்தார். அவரை ‘ரோபோவின் தந்தை’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர் நூலைப் புரட்டியவர் நம்மில் மிகச் சிலரே. புரட்டினால் தெரிவது வேறு. மரம் வளைந்து போகாதிருக்கப் பலகைகளை அடுக்கி ஒட்டுவது, செய்யுமுன் தாளில் மாதிரி அமைத்துப் பார்ப்பது, நீர் கசியும் துளையை அளந்து சரிசெய்வது ஆகியவற்றையே அவர் பொறுமையாகச் சொல்லிச் செல்கிறார்.

அவருடைய யானைக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கிறது. நம் நாட்டு நாழிகை வட்டிலின் இனந்தான். அரைமணி நேரத்தில் அது நிறைந்து மூழ்கும்போது, மேலிருந்து ஒரு குண்டு விடுபட்டுப் பருந்தின் அலகு வழியாகப் பாம்பின் வாயில் விழுகிறது. பாரத்தால் பாம்பு தலை தாழ்த்த, மூழ்கிய கிண்ணம் மீண்டும் மேலெழுகிறது. பாகன் யானையை அடிக்கிறான். பார்ப்பவர் பாம்பை அலங்காரம் என்று எண்ணுவர். அந்தப் பாம்பு இல்லாவிடில் கிண்ணம் எழாது, கடிகாரம் நின்றுவிடும். நம் மாணவரின் பித்தளை மனிதர்களை நீக்கினாலோ கதையில் எதுவும் நிற்பதில்லை.

பொறி மட்டும் மெய்போல் இருந்தால் போதாது; அதனால் மனிதரின் அன்றாடம் மாற வேண்டும். அதற்குச் சான்றான கதை நம் சென்னையிலேயே வெளிவந்தது. கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் இதழ் 1905-இல் ‘சுல்தானாஸ் டிரீம்’ என்ற ஆங்கிலக் கதையை வெளியிட்டது. எழுதியவர் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். 1880-இல் வங்காளத்தின் ரங்பூர்ப் பகுதியில் பைராபந்த் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிக்கு அனுப்பப்படாதவர், அண்ணன் ஆங்கிலமும் அக்காள் வங்காளமும் வீட்டிலேயே கற்பித்தனர். கணவர் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்.

கதையின் நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் இருக்க, பெண்டிர் வெளியுலகை நடத்துகின்றனர். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று வானத்து நீரைக் குழாய் வழியே இறக்கும் பலூனை அமைக்கிறது. மற்றொன்று வெயிலின் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கிறது. இவ்விரண்டை மட்டும் நாம் ஒப்புக்கொண்டால் போதும், மற்றவை தாமே விளைகின்றன. நீர் மேலேயே இழுக்கப்படுவதால் மழையும் புயலும் நின்றன. வெயிலில் சமைப்பதால் அடுக்களையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. மின்சாரத்தால் வான ஊர்திகள் செல்வதால் இருப்புப்பாதை வேண்டியதில்லை. ஆகவே ரயில் விபத்தும் இல்லை. படையெடுத்து வந்த பகைவரை விரட்டுவதும் அதே வெப்பந்தான். கல்கத்தாவில் பொது மின்வழங்கல் தொடங்கியது 1899-இல். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல். தம் காலத்துப் பொறிகளின் ஆற்றலை எடுத்துக்கொண்டு, புகையை மட்டும் அவர் வெளியே விட்டார். அடுக்களையை அறிந்த ஒருவருக்கே அந்தப் புகை முதலில் கண்ணில் படும். குறை சொல்வதானால், போர் மிக எளிதாக முடிந்துவிடுகிறது.

பர்தாவைப் பழிக்கும் கதை என்று நம்மிற் சிலர் இதை ஒதுக்குவதுண்டு. அது அவசரத் தீர்ப்பு. அந்த அம்மையார் தாம் புர்கா அணிவதை விடாதவர். கணவர் மறைந்த 1909-இலேயே பாகல்பூரில் முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி தொடங்கி, 1911-இல் அதைக் கல்கத்தாவில் மீண்டும் நிறுவி, 1932-இல் தாம் மறையும்வரை நடத்தியவர். அவர் சாடியது பெண்ணைப் பூட்டிவைத்துக் கல்வியை மறுத்த வழக்கத்தை.

மாணவரிடம் நாம் ஒன்றே கேட்டோம்: ஊர்திக்குக் கரி எங்கிருந்து வருகிறது? விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அருகில் கண்டு வளர்ந்தவர் அவர். வெப்பம் 1200 டிகிரிக்கு ஏற எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதை அறிந்தவர். ஆயினும் கதையில் ஒரு விறகுக் கட்டைகூட இல்லை. விடையோ அவர் ஊருக்கு அண்மையிலேயே மண்ணுக்கடியில் கிடந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930-களில் கிணறு தோண்டும்போது தெரியவந்தது; அதை வெட்டும் நிறுவனம் 1956-இல் அமைந்தது. கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்துடன் நிற்பதால், இடைவிடாது இறைத்தாலன்றி அங்கே வெட்ட இயலாது. இங்கிலாந்தில் 1712-இல் நியூகோமன் நீராவிப் பொறியை நிறுவியதும் சுரங்கத்து நீரை இறைக்கத்தான். நவாபின் ஆட்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அக்கிணற்றைத் தோண்டியிருந்தால், பொறிக்கு வேண்டிய எரிபொருளும் பொறி வேண்டிய காரணமும் ஒரே குழியில் கிடைத்திருக்கும்.

இப்போது இரண்டாம் படி நம் மேசைமேல் இருக்கிறது. பித்தளை மனிதர்கள் போய்விட்டனர். கரிக்குழியால் கிணறு வற்றிய உழவர் ஒருவர் மனுவுடன் கச்சேரி வாசலில் நிற்கிறார். புகைக்கு அஞ்சி மாசி மக ஊர்வலம் அவ்வாண்டு வழி மாறிச் செல்கிறது; பழைய பாதையில் மாலையுடன் காத்திருக்கும் முஸ்லிம்களுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.