விசை பொருளுக்கு வெளியே வந்த வரலாறு: அரிஸ்டாட்டில் முதல் ஆய்லர் வரை

அறிமுக இயற்பியல் நூல்களில் இயக்கத்தின் மூன்று விதிகளும் நியூட்டனின் பெயரால் ஓரிரு பக்கங்களுக்குள் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. வெளிவிசை எதுவும் செயல்படாதவரை ஒரு பொருள் ஓய்விலோ நேர்கோட்டில் சீரான இயக்கத்திலோ தொடரும் என்பது முதல் விதி. பொருளின் நிறையையும் முடுக்கத்தையும், அதாவது திசைவேகம் மாறும் வீதத்தையும், பெருக்கினால் கிடைப்பது அதன்மீது செயல்படும் விசை என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி. இவை மூன்றும் 1687ஆம் ஆண்டு ஒருவர் கையிலிருந்து முழு வடிவில் வெளிவந்தன என்ற எண்ணத்தை இந்த அமைப்பு மாணவர் மனத்தில் ஏற்படுத்திவிடுகிறது. மூல நூல்கள் காட்டும் வரலாறு வேறு. ஓடும் பொருளுக்குள் ஏதோ ஒன்று இருந்துகொண்டு அதை ஓட்டுகிறது என்ற கருத்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மெல்ல வளர்ந்து, பின்னர் மெல்லத் தேய்ந்து, விசை என்பது பொருளுக்கு வெளியிலிருந்து வருவது என்ற முடிவு நிலைபெற நியூட்டனுக்குப் பின்னும் இரண்டு தலைமுறைக் காலம் பிடித்தது. இக்கட்டுரை அந்த இடமாற்றத்தையே தொடர்ந்து பார்க்கிறது.

அரிஸ்டாட்டிலின் (கி.மு. 384–322) இயற்பியல் நூலில் இயக்கம் இருவகைப்படும். கல் கீழே விழுவதும் தீ மேலெழுவதும் இயற்கை இயக்கம். எறியப்பட்ட கல் செல்வது வலிந்த இயக்கம். வலிந்த இயக்கம் எதற்கும் அதைத் தொட்டுக்கொண்டு தள்ளும் ஒன்று வேண்டும் என்பது அவர் கொள்கையாதலால், கையை விட்டு நீங்கிய கல்லை எது தள்ளுகிறது என்ற கேள்விக்கு, எறிந்தபோது அசைவுபெற்ற காற்றே தள்ளுகிறது என்று அவர் விடை கூற வேண்டியதாயிற்று. இந்த விடையை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை எள்ளுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. கப்பலைப் பலர் சேர்ந்து இழுத்து நகர்த்துவதால் அவர்களுள் ஒருவர் தனியே அதைச் சிறிதளவேனும் நகர்த்திவிடுவார் என்று கொள்ள முடியாது என அவர் சுட்டிக்காட்டுகிறார்; உராய்வு மிகுந்த உலகை உற்று நோக்கியவர் சொல்லும் சொல் அது. இதைவிட வியப்பானது வெற்றிடம் பற்றிய அவரது வாதம். வெற்றிடத்தில் ஓடும் பொருள் ஓரிடத்தில் நின்று மற்றோரிடத்தில் நில்லாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே வலிய தடை ஒன்று குறுக்கிடாதவரை அது முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். முதல் விதியை ஏறக்குறைய முழுமையாகச் சொல்லிவிட்டு, இத்தகைய முடிவு பொருந்தாதது, எனவே வெற்றிடம் இல்லை என்று நிறுவ அதைப் பயன்படுத்தினார்.

காற்று தள்ளுகிறது என்ற விளக்கத்தை 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனஸ் கடுமையாக மறுத்தார். அம்பின் பின்னே எத்தனை பொறிகளை வைத்துக் காற்றைச் செலுத்தினாலும் அம்பு நகராது. எறிபவர் பொருளுக்குள் உருவற்ற ஓர் இயக்கும் ஆற்றலைப் பதிக்கிறார் என்பது அவர் கருத்து. 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா இதையே ‘மைல்’, அதாவது சாய்வு, என்ற பெயரில் வளர்த்தெடுத்து, தடை இல்லாத இடத்தில் இந்தச் சாய்வு தானாகத் தீர்ந்துபோகாது என்றும் கூறினார். இவ்வாறு இயக்கத்தின் காரணம் பொருளுக்குப் புறத்தே இருந்த காற்றிலிருந்து பொருளின் அகத்துக்கு இடம்பெயர்ந்தது.

அக்கருத்தின் மிகத் தெளிவான வடிவம் 14ஆம் நூற்றாண்டுப் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் ழான் பூரிடான் தந்த ‘இம்பெட்டஸ்’ கோட்பாடு. அதைத் தமிழில் பதிந்த உந்துதல் எனலாம். சுழற்றிவிடப்பட்ட சாணைக்கல், கை எடுத்த பின்னும் தன் இடத்தை விட்டு நகராமலேயே நெடுநேரம் சுழல்கிறது. அதைச் சுற்றி மறைப்பிட்டுக் காற்றை விலக்கினாலும் சுழற்சி நிற்பதில்லை. எனவே காற்று காரணமாக முடியாது; உள்ளே பதிந்த உந்துதலே காரணம் என்றும், அதன் அளவு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவையும் அதன் வேகத்தையும் பொறுத்தது என்றும், எதிர்ப்பு இல்லாவிடில் அது குறையாது என்றும் பூரிடான் வாதிட்டார். விண்கோள்களுக்குப் படைப்பின்போதே இறைவன் இத்தகைய உந்துதலைத் தந்துவிட்டதாகக் கொண்டால், அவற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கத் தனி இயக்குநர்கள் தேவையில்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கக் கிடைக்கும் உந்தம் என்ற இன்றைய அளவோடு இது ஒத்திருப்பதைக் கண்டு, பூரிடானை நியூட்டனின் முன்னோடி என்று எழுதியவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு ஓரளவுக்கு மேல் செல்லாது. உந்தம் இயக்கத்தின் அளவு. இம்பெட்டஸோ இயக்கத்தின் காரணம். பூரிடானுக்கு ஓடுதல் என்பது ஒவ்வொரு கணமும் விளக்கம் வேண்டி நிற்கும் ஒரு நிகழ்வு. அந்த விளக்கத்தேவையே மறைந்த பிறகுதான் நிலைமம், அதாவது பொருள் தன் இயக்கநிலை மாறுவதை எதிர்க்கும் இயல்பு, என்ற கருத்துக்கு இடம் பிறந்தது. மேலும், பூரிடானின் உந்துதல் நேர்கோட்டிலும் செலுத்தும், வட்டத்திலும் சுழற்றும். இவ்விரண்டுக்கும் இடையே அவர் வேறுபாடு காணவில்லை.

கலிலியோவும் பிசாவில் இருந்த இளமைக்காலத்தில் இம்பெட்டஸ் மரபில் நின்றவரே. 1604ஆம் ஆண்டு அவர் பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருள் கடக்கும் தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற சரியான விதியையும், அதற்கு அடிப்படையாக வேகம் கடந்த தொலைவுக்கு நேர்விகிதத்தில் வளரும் என்ற தவறான கொள்கையையும் ஒருசேரக் காணலாம். வேகம் வளர்வது தொலைவோடு அன்று, காலத்தோடு என்ற திருத்தம் 1638இல் லைடன் நகரில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் உறுதியாக இடம்பெற்றது. மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து வழியும் நீரை எடைபோட்டுக் காலத்தை அளந்த சோதனை அந்நூலில்தான் விவரிக்கப்படுகிறது. வேகம் ஏன் வளர்கிறது என்ற காரண ஆராய்ச்சியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, அது எவ்வாறு வளர்கிறது என்பதை மட்டும் கணிதத்தால் சொல்வோம் என்ற முடிவும் அங்கேயே எடுக்கப்படுகிறது. காரணத்தைப் பற்றி வாய்மூடியிருந்த இந்தத் துணிவு, கலிலியோ கண்ட எந்தத் தனி விதிக்கும் குறையாத மதிப்புடையது என்று சொல்ல இடமுண்டு.

இறக்கத்தில் உருளும் குண்டு வேகம் பெறும், ஏற்றத்தில் இழக்கும். ஆகவே இரண்டும் அல்லாத சமதளத்தில் பெறவும் இழக்கவும் காரணமில்லை என்பது அவர் வாதம். ஆனால் சமதளம் என்று அவர் கருதியது புவிமையத்திலிருந்து எங்கும் ஒரே தொலைவில் உள்ள பரப்பை. அப்பரப்பு உண்மையில் ஒரு கோளத்தின் மேற்பரப்பு. முடிவில்லாத நேர்கோட்டு இயக்கத்தை அவர் விதியாக வகுக்கவில்லை. 1640இல் மார்செய் துறைமுகத்தில், விரைந்து செல்லும் படகின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல்லை விழவிட்டு, அது மரத்தின் அடியிலேயே விழுவதைக் காட்டிய பியர் கசெந்தி, 1642இல் வெளியிட்ட நூலில் வட்டத்தை விட்டு நேர்கோட்டை நோக்கி ஒரு படி முன்னேறினார். 1644இல் ‘மெய்யியலின் கோட்பாடுகள்’ என்ற நூலில் தெகார்த் அதை இயற்கையின் விதியாகவே எழுதினார்: ஒவ்வொரு பொருளும் தன் நிலையிலேயே நிற்கும், ஒவ்வொரு பொருளும் தன்னளவில் நேர்கோட்டிலேயே செல்ல முனையும். ஓய்வைப் போலவே இயக்கமும் ஒரு ‘நிலை’ என்ற சொல்லாட்சியே இங்கு திருப்புமுனை. நிலை தொடர்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, மாறுவதற்கே தேட வேண்டும்.

அதே நூலில் தெகார்த் தந்த ஏழு மோதல் விதிகள் பெரும்பாலும் தவறானவை. சிறிய பொருள் எவ்வளவு விரைந்து வந்து மோதினாலும் ஓய்வில் உள்ள பெரிய பொருளை அசைக்காது என்பது அவற்றுள் ஒன்று. இயக்கத்தின் அளவைக் கணக்கிடும்போது அவர் திசையைச் சேர்க்காமல் விட்டது பிழைகளின் வேர்களுள் ஒன்று. சீராக நகரும் படகில் நிகழும் மோதலைக் கரையிலிருந்து பார்ப்பவர் எவ்வாறு காண்பார் என்று கேட்டுக் கேட்டே ஹைகன்ஸ் சரியான விதிகளை அடைந்தார். 1668–69இல் இலண்டன் ராயல் சங்கம் இச்சிக்கலை முன்வைத்தபோது, வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் தத்தம் விடைகளை அளித்தனர். உந்தத்தைத் திசையோடு கணக்கிட்டால் மோதலுக்கு முன்னும் பின்னும் அதன் கூட்டுத்தொகை மாறுவதில்லை என்பது இவ்விடைகளால் தெளிவாயிற்று.

இவ்வளவுக்கும் பின்னரே நியூட்டன் வருகிறார். 1684இல் ஹாலிக்கு அவர் அனுப்பிய சிறு ஆய்வுரையில், பொருளை நேர்கோட்டில் தொடரச் செய்யும் ‘உள்ளார்ந்த விசை’ என்ற ஒன்று பேசப்படுகிறது. மூன்றே ஆண்டுகளில் வெளிவந்த ‘பிரின்சிபியா’வின் மூன்றாம் வரையறையிலும் அந்தச் சொல் நீங்கவில்லை, நிலைமத்தை அவர் பொருளில் உள்ள ஒரு விசை என்றே அழைத்தார். எனினும், வேறொரு விசை பொருளின் நிலையை மாற்ற முயலும்போது மட்டுமே அது வெளிப்படும் என்று கூறியதன்மூலம் அதன் பழைய வேலையைப் பறித்துக்கொண்டார். பூரிடானின் சொல்லில் ஒரு கூறு எஞ்சி நிற்க, பொருள் மட்டும் கழன்றுவிட்டது.

இரண்டாம் விதியைப் பிரின்சிபியாவில் தேடுபவருக்கு முடுக்கம் என்ற அளவு அதன் வாசகத்தில் கிடைக்காது. இயக்கத்தின் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு நேர்விகிதத்திலும், அவ்விசையின் திசையிலும் இருக்கும் என்பதே அதன் சாரம். இங்கு இயக்கம் என்பது அவரே வரையறுத்த உந்தம். காலம் பற்றிய பேச்சே இல்லை. ஒரு தட்டு, அதனால் உந்தத்தில் ஒரு மாற்றம் என்ற முறையில் படித்தால் விதி நேராகப் பொருந்துகிறது. இன்று கணத்தாக்கு எனப்படுவது இதுவே. கோளைச் சூரியன் இடைவிடாமல் ஈர்ப்பது போன்ற தொடர்விசைகளை, மிகச் சிறிய இடைவெளிகளில் அடுத்தடுத்து விழும் தட்டுகளாக எண்ணி, இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே சென்று, வடிவியலின் துணையால் அவர் கையாண்டார்.

நிறையை எடையிலிருந்து பிரித்ததிலும் மூன்றாம் விதியிலும் அவரது தனிப்பங்கு ஐயத்துக்கு இடமற்றது. 1672இல் ரிஷே தென் அமெரிக்காவின் காயென் நகருக்குக் கொண்டுசென்ற கடிகார ஊசல் அங்கே மெதுவாக ஆடியதால், எடை இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது தெரிந்திருந்தது. எடை மாறினும் மாறாத ஒன்று நிறை. அவ்விரண்டும் ஓரிடத்தில் ஒரே விகிதத்தில் இருக்கின்றனவா என்பதைப் பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றை ஒத்த பெட்டிகளில் இட்டு, 11 அடி நீள ஊசல்களாக ஆடவிட்டு நியூட்டன் சோதித்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்பது அவர் மதிப்பீடு. மூன்றாம் விதிக்கும் ஊசல் குண்டுகளின் மோதலையே சான்றாக்கினார். தொடாமல் ஈர்ப்பவற்றுக்கு, காந்தக்கல்லையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் நீரில் மிதக்கவிட்டு, ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிய பின் இரண்டும் அசையாமல் நிற்பதைக் காட்டினார்.

உள்ளிருக்கும் விசை என்ற எண்ணம் இதற்கிடையே மற்றொரு வழியில் தலையெடுத்தது. 1686இல் லைப்னிட்ஸ், ஓடும் பொருளின் விசையைத் தெகார்த் கணக்கிட்டது தவறு, அது திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வாதிட்டு, பின்னர் அதற்கு உயிர்விசை என்ற பொருள்படப் பெயரிட்டார். டச்சு அறிஞர் ஸ்கிராவெசாண்டே 1722இல் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டுப் பெற்ற பள்ளங்களும், எமிலி து ஷாத்லே 1740இல் எழுதிய நூலும் இக்கட்சிக்கு வலுச் சேர்த்தன. இரு தரப்பும் ஒரே சொல்லால் வெவ்வேறு அளவுகளைக் குறித்துப் பூசலிட்டன என்பதே இன்றைய பார்வை: ஒன்று உந்தமாகவும், மற்றொன்று பாதியாக்கப்பட்டு இயக்க ஆற்றலாகவும் தனித்தனி இடம்பெற்றன. இரண்டுமே விசை என்ற பெயரை இழந்தன.

இரண்டாம் விதியின் பாடநூல் வடிவம் ஐரோப்பாவின் கணிதர் கையில் உருவாயிற்று. யாக்கோப் ஹெர்மன் 1716இல் விசையையும் திசைவேக மாற்ற வீதத்தையும் நுண்கணிதக் குறியீட்டில் இணைத்து எழுதினார். லியோன்ஹார்ட் ஆய்லர் 1750இல் பெர்லின் அகாதெமியில் அளித்து 1752இல் அச்சான கட்டுரையில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் தனித்தனியே நிறை, முடுக்கம், விசை மூன்றையும் தொடர்புபடுத்தும் மூன்று சமன்பாடுகளைத் தந்தார். அன்று அவர் கையாண்ட அலகுகளின் காரணமாக அவற்றில் 2 என்ற காரணி உண்டு. மற்றபடி அவை இன்றைய சமன்பாடுகளே. அக்கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பு, இயக்கவியலின் புதிய கோட்பாடு ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவிக்கிறது. நியூட்டன் நூல் வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் இதைப் புதிது என்று ஆய்லர் சொன்னதைத் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. சுழலும் அச்சே மாறிக்கொண்டிருக்கும் திண்பொருளின் இயக்கத்தைக் கணக்கிடுவது அவர் முன்னிருந்த சிக்கல். பொருளின் ஒவ்வொரு சிறு கூறுக்கும், ஒவ்வொரு கணத்திலும், எந்த விசைக்கும் ஒரே சமன்பாடு செல்லும் என்ற பொதுமை அதற்குத் தேவைப்பட்டது. அந்தப் பொதுமை பிரின்சிபியாவில் அவ்வடிவில் இல்லை. நிலைமத்தை விசை என்று அழைப்பது பொருந்தாது என்று ஜெர்மானிய இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் அவர் விளக்கியதோடு, விசையின் வெளியேற்றம் சொல்லளவிலும் நிறைவெய்தியது. 1784இல் ஆட்வுட் கேம்பிரிட்ஜிலிருந்து விவரித்த கப்பிப் பொறி, முடுக்கத்தைக் கண்ணால் அளக்கும் அளவுக்கு மெதுவாக்கி, இச்சமன்பாட்டை விரிவுரை மேசைக்குக் கொண்டுவந்தது. 1 கிலோகிராம் நிறைக்கு, நொடிக்கு நொடி, நொடிக்கு 1 மீட்டர் திசைவேகத்தைக் கூட்டும் விசைக்கு நியூட்டன் என்ற பெயர் 1948இல் அனைத்துலக அளவாக ஏற்கப்பட்டது.

1982இல் ஜான் கிளெமென்ட் வெளியிட்ட ஆய்வில், மேல்நோக்கிச் சுண்டப்பட்ட நாணயத்தின்மீது ஏறும்போது செயல்படும் விசைகளைக் குறிக்கச் சொன்னபோது, அமெரிக்கப் பொறியியல் மாணவருள் பெரும்பாலோர் புவியீர்ப்போடு மேல்நோக்கிய விசை ஒன்றையும் வரைந்தனர். கை தந்த விசை நாணயத்துக்குள் இன்னும் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். இதை வைத்து மாணவர் பூரிடானின் காலத்தில் நிற்கின்றனர் என்று சொல்வது மிகை. பூரிடானிடம் இருந்தது வாதங்களால் கட்டப்பட்ட கோட்பாடு, மாணவரிடம் இருப்பது கேள்விக்கேற்ப மாறும் ஒரு பழக்கம். ஆயினும் இந்தப் பழக்கத்துக்கு மருந்தாக முதல் விதியைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் செய்வதைவிட மூன்றாம் விதியைப் பயன்படுத்துவதே வலியது. ஒவ்வொரு விசையும் இரு பொருள்களுக்கு இடையிலானது என்றால், நாணயத்தின்மீதான மேல்நோக்கிய விசைக்கும் எங்கோ ஒரு பொருள் எதிர்விசையை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். கை நாணயத்தை விட்ட பின் அத்தகைய பொருள் எதுவும் இல்லை.