நாகையில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பள்ளிக்கூடம்

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் பெயர்ந்து அணை வேலைக்குப் போயின. அதற்கு ஓரிரு ஆண்டு கழித்துப் பிரெஞ்சு தேசத்துச் சேசு சபைச் சாமியார்கள் நால்வர் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஆனால் அந்தச் சாமியார்களின் சபை தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பின்னால் நம் உடையார்பாளையம் தாலுகாவுக்கு மாவட்டத் தலைநகரின் பெரிய பள்ளிகளுள் ஒன்றாக ஆயிற்று. 1995 வரை இந்தப் பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம் என்பதை இளையவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சேசு சபைக்கு இந்தக் கரை புதிதன்று. நமக்கு மேற்கே, அதே கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கிதான் அவர்; அங்கே திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்; வேதியர்கள் எனப்பட்ட உபதேசியார்களுக்கென்று வேதியர் ஒழுக்கம் எழுதினார்; 1730இல் தொன்னூல் விளக்கத்தையும் 1732இல் சதுரகராதியையும் முடித்தார். தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டு, அவர்கள் மரபிலேயே நூல் செய்து, அந்த மரபிலேயே திருத்தம் சொல்லத் துணிந்தவர். அவருடைய காலத்தில் இங்கு வந்த சேசு சபையார் முதலில் மாணாக்கர், பிறகுதான் ஆசிரியர்.

1773இல் திருத்தந்தை சபையைக் கலைத்தார். 1814இல் அது மீண்டும் உயிர் பெற்றது. நடுவே கழிந்த நாற்பது ஆண்டில் காவிரி நாடு கும்பினியார் கைக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவர்களிடம் ஊரார் கேட்டது இலக்கணம் அன்று, ஆங்கிலம்.

1844ஐ நான் முக்கியமான ஆண்டாகக் கொள்கிறேன். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஆயர் பொன்னான் கூட்டிய திருச்சபை மாமன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் கல்வி பரப்புவதையும் வலியுறுத்தியது. அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், ஆங்கிலம் படித்தவர்களுக்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று தீர்மானம் போட்டார். அதே ஆண்டில்தான் நாகப்பட்டினத்தில் சபையின் புனித வளனார் கல்லூரி, பள்ளியும் உள்ளடங்கியதாகத் தொடங்கியது. சபை நாடியது குருத்துவத்துக்கும் திருச்சபைக்கும் ஆகக்கூடிய பையன்களை. பெற்றோர் நாடியது கச்சேரி உத்தியோகம். இந்த இரண்டு ஆசைகளும் ஒரே வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தன. இறுதியில் ஜெயித்தது பெற்றோரின் ஆசைதான் என்பது என் துணிபு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. 1866இல் கல்லூரி அதனோடு இணைந்தது. அதற்குப் பின் பாடத்திட்டத்தை எழுதியது ரோமாபுரியும் அல்ல, பாரிசும் அல்ல. சென்னைக் கடற்கரையில் வினாத்தாள் தயாரித்தவர்கள்.

சபையின் சொந்தக் கல்வி முறை 1599இல் வகுக்கப்பட்டது. இலக்கணம், இலக்கியம், சொல்லணி என்று படிப்படியாக ஏறுவது. போட்டி, பரிசு, நாடகம், சொற்போர் ஆகியவற்றைப் பாடத்தின் பகுதியாக்குவது. ஐரோப்பாவில் அதற்கு மூலமொழி லத்தீன். இங்கே அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாடகமும் சொற்போரும் பரிசளிப்பு விழாவும் மட்டும் மாறாமல் தொடர்ந்தன.

1883இல் கல்லூரி திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. காரணத்தை ரயில் பாதையில் தேட வேண்டும். 1860களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து தஞ்சை வழியே திருச்சிக்கு இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. துறைமுகத்தின் மவுசு குறைய, ரயில் கூடுமிடத்தின் மவுசு ஏறியது. திருச்சியில் ஏற்கெனவே சீர்திருத்தச் சபையாரின் கல்விக்கூடம் இருந்தது. அதன் வேர் 1760களில் சுவார்ட்சு ஐயர் வைத்த பள்ளி. இந்துக்கள் தரப்பில் நேஷனல் ஹைஸ்கூல் 1886இல் தொடங்கியது. ஆக, மலைக்கோட்டையைச் சுற்றி அரை நாழிகை நடைக்குள் மூன்று சமயத் தரப்பாரும் ஒரே மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

தெப்பக்குளத்துக்கு எதிரே வளாகம். கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு மாணவர் விடுதியாயிற்று. பக்கத்தில் 1890இல் தொடங்கி, பிரான்சிலுள்ள லூர்து ஆலயத்தை ஒத்த மாதா கோயிலைக் கட்டினார்கள். படித்தவர்களில் பெரும்பகுதி இந்துக்கள், அதிலும் பிராமணப் பிள்ளைகள் கணிசம். 1890களின் நடுவில் அவர்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது ஊரே கொதித்தது. வீட்டை விட்டு வந்தவர்களுக்காகச் சாமியார்கள் மேரீஸ் தோப்பில் தனிக் குடியிருப்பே அமைக்க வேண்டியிருந்தது. சிறப்பு மலர்கள் இந்த நிகழ்ச்சியைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். அத்தனை கொதிப்புக்குப் பிறகும் பிராமணக் குடும்பங்கள் இங்கே பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தவில்லை. எனக்கு அதுதான் விசேஷமான சேதியாகப் படுகிறது. சமயப் பயத்தைவிடப் பரீட்சைத் தேர்ச்சியின் மீதிருந்த நம்பிக்கை பெரிது.

பள்ளியும் கல்லூரியும் ஓருடலாய்த் தொடங்கியதால், பள்ளிக்கு இன்றும் 'கல்லூரி மேல்நிலைப் பள்ளி' என்ற விநோதமான பெயர். கல்லூரிக்கு ஆள் தயார் செய்வதே பள்ளியின் வேலை. ஆனால் அந்தத் தயாரிப்பு எந்தக் கட்டிடத்தில் நடக்க வேண்டும் என்பதை அரசு மாற்றிக்கொண்டே இருந்தது. ஆறாம் பாரம், பிறகு எஸ்.எஸ்.எல்.சி. அதற்குமேல் எஃப்.ஏ., இண்டர்மீடியட், பியூசி என்று கல்லூரிப் பக்கம் ஒட்டியிருந்த இடைப்பாலம், 1978இல் பிளஸ் டூ ஆகிப் பள்ளிப் பக்கம் வந்து சேர்ந்தது. அதே 1978இல் கல்லூரி தன்னாட்சி பெற்றது. ஒன்றாய்ப் பிறந்த இரண்டுக்கும் அந்த ஆண்டு பாகப்பிரிவினை என்றே சொல்லலாம்.

புகழ் மட்டும் பங்கு போடாமல் பொதுவில் கிடக்கிறது. கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்ற அப்துல் கலாமையும், அவரோடு அதே வகுப்பில் இருந்த எழுத்தாளர் சுஜாதாவையும் பள்ளிக்காரர்களும் தங்களவராகவே பேசுவார்கள். ஆனால் கலாம் பள்ளியில் படித்தது இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியில், சுஜாதா ஸ்ரீரங்கத்தில்.

நம் பக்கத்துப் பையன்களுக்கு திருச்சி நெடுங்காலம் எட்டாத தூரம். விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் ரயில் 1920களின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் மாட்டுவண்டியும் நடையும். ஆகவே விடுதிச் செலவு தாங்கக்கூடிய மிராசு வீட்டுப் பிள்ளைகளே முதலில் போனார்கள்; கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்குச்சாமியாரின் சிபாரிசுக் கடிதம் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டியது. பெண்பிள்ளைகளுக்கு அந்த வாசலும் இல்லை. 1923இல் சிலுவைக் கன்னியர் திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரியைத் தொடங்கும்வரை, மேற்படிப்பு என்பது அண்ணன் தம்பிகளின் பேச்சாகவே இருந்தது. இன்று வளனார் கல்லூரியில் பெண்கள் படிக்கிறார்கள். பள்ளி இன்னும் ஆண்கள் பள்ளிதான்.