எலும்பு முறிவு: குமரி மலையோரத்து ஒடிவும் கட்டும்

எலும்பின் தொடர்ச்சி முழுவதுமாகவோ ஓரளவோ அறுபடுவது எலும்பு முறிவு. குமரி மாவட்டத்தில் எலும்பு கட்டும் ஆசான்மாரின் பேச்சில் இது 'ஒடிவு'. எலும்பு உடையாமல் சதை மட்டும் நசுங்கினால் 'சதவு', மூட்டு இடம் மாறினால் 'விலகல்', நரம்பும் தசைநாரும் பிசகினால் 'உளுக்கு'. நான்கையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறிவதுதான் அவர்கள் தொழிலின் முதல் பாடம்.

கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும், தென்னையும் நல்லமிளகும் கிராம்பும் விளையும் சரிவுகளும் இருக்கின்றன. விடியுமுன் ஈரச்சரிவில் பால்வெட்டப் போகிறவர், தென்னையில் ஏறுகிறவர், ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று நல்லமிளகு பறிக்கிறவர் எல்லோருக்கும் விழுகை தொழிலோடு வரும் ஆபத்து. அணைக்கு அப்பால் தச்சமலை போன்ற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு நீர்த்தேக்கத்தைப் படகில் கடக்க வேண்டும். அடிபட்டவரை எப்படித் தூக்கிக் கொண்டுவருகிறோம் என்பது அதனால் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகிறது.

எலும்பின் இயல்பு

பிறக்கும்போது 270க்கும் மேற்பட்ட துண்டுகளாக இருப்பவை வளர வளர ஒன்றோடொன்று இணைந்து, பெரியவர்களில் 206 எலும்புகளாகின்றன. சுசுருத சம்கிதை 300 என்றும் சரக சம்கிதை 360 என்றும் எண்ணின. குருத்தெலும்பையும் பல்லையும் சேர்த்து எண்ணியதால் வந்த வேறுபாடு அது. பிழை என்று தள்ளிவிட முடியாது. உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பில் இருக்கிறது. கால்சியம் பாஸ்பேட் உப்புகள் கடினத்தைத் தர, கொலாஜன் என்னும் புரத நார்கள் வளைவைத் தருகின்றன. குழந்தைகளின் எலும்பில் வளைவு கூடுதல் என்பதால் அது பச்சைக்கொம்புபோல ஒருபுறம் மட்டும் கிழிந்து, மறுபுறம் வளைந்து நிற்கும்.

எலும்பு உயிருள்ள திசு. அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்ய, ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. முறிவு கூடுவதும் இதே வேலையின் அவசரப் பதிப்புதான். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு திரண்டு, பிறகு அதில் சுண்ணம் படிந்து இறுகுகிறது. முண்டும் முடிச்சுமாக இருக்கும் அந்த இணைப்பு பழைய வடிவுக்குச் செதுக்கப்பட மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். பெரியவர்களுக்குக் கையெலும்பு கூட ஏறத்தாழ 6 வாரம், காலெலும்பு கூட 12 வாரம் என்பது பொதுக் கணக்கு. குழந்தைகளுக்கு அதில் பாதி. புகையும் சர்க்கரை நோயும் இந்தக் கணக்கை நீட்டிவிடும்.

ஆசானோ அறுவை மருத்துவரோ எலும்பை ஒட்டவைப்பதில்லை. நேராக நிறுத்துவது, அசையாமல் காப்பது, இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமலிருப்பது ஆகிய மூன்றே வெளியிலிருந்து செய்யக்கூடியவை.

மரத்திலிருந்து விழுவது

உயரத்திலிருந்து காலூன்றி விழுபவரின் எடை குதிகாலில் இறங்கி, அங்கிருந்து முதுகுக்கு ஏறுகிறது. குதிகால் எலும்பு நொறுங்கியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இடுப்புப் பகுதி முள்ளெலும்பும் நசுங்கியிருக்கும். குதிகால் வலியில் முதுகு வலி மறைந்துபோவதால் இரண்டையும் பார்த்தாக வேண்டும். முதுகெலும்பில் மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடம் அதிகம் நொறுங்கும். தண்டுவடம் சேதமானால் இரு கால்களும் செயலிழக்கக் கூடும். விழுந்தவரை அக்குளில் கைகொடுத்து உட்காரவைப்பதும், தோளில் மடித்துப் போட்டுச் சுமப்பதும் தப்பியிருந்த தண்டுவடத்தையும் அறுத்துவிடக் கூடும். தட்டையான பலகையில், உடல் முறுகாமல், நான்கு பேராகச் சேர்ந்து தூக்குவதே முறை.

கையூன்றி வழுக்கி விழுந்தால் உடைவது பெரும்பாலும் மணிக்கட்டுக்கு மேலுள்ள ஆரை எலும்பு. மாமரத்திலும் கொல்லாமரத்திலும் ஏறி விழும் 5 முதல் 7 வயதுச் சிறாருக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறியும். முறிவுகளிலேயே அதிகக் கவனம் வேண்டுவது இது.

ஆசான் கட்டு

தென் திருவிதாங்கூராக இருந்து 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த இப்பகுதியில், அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்பிக்கும் ஆசானே அடிபட்டதைச் சரிசெய்யும் மருத்துவருமாவார். உடலின் உயிர்நிலைப் புள்ளிகளான வர்மங்கள் 108 என்றும், அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் மரபு வகுக்கிறது. முறிவுக்கென்றே 'ஒடிவு முறிவு சர சூத்திரம்' போன்ற சுவடிகள் உண்டு. இழுத்து நேராக்கி, எண்ணெய் தடவி, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது வழக்கம். காய்ந்து இறுகும் இந்தக் கட்டு, 1852இல் டச்சுப் படை மருத்துவர் மத்தைசன் கொண்டுவந்த மாவுக்கட்டின் வேலையையே செய்கிறது. துண்டுகள் இடம் மாறாத முறிவுகள் இதில் நன்றாகக் கூடுகின்றன. மக்களின் நம்பிக்கை வெறும் நம்பிக்கையல்ல.

ஆபத்து இறுக்கத்தில் இருக்கிறது. முறிந்த உறுப்பு முதல் இரண்டு நாள் வீங்கும், கட்டு விரியாது. உள்ளழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றால் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் தசை மாளத் தொடங்கும். சிறுவரின் முழங்கை முறிவில் இப்படி விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் விவரித்தார். விரலை நீட்டினால் தாளாத வலி, மரமரப்பு, விரல் வெளுத்தல் என எது தெரிந்தாலும் கட்டை உடனே வெட்டித் தளர்த்த வேண்டும். கட்டியவர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் எண்ணெயும் பச்சிலையும் ஆகாது. கழுவுதலும் நோய்க்கிருமிக்கான மருந்தும் தனுர்வாத ஊசியும் அங்கே முதல் தேவை. தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் அதன் தலைக்குப் போகும் இரத்தக்குழாயும் அறுபடக் கூடும் என்பதால் எந்தக் கட்டும் பயன்படாது. திருகாணியோ செயற்கை மூட்டோ வைக்க வேண்டும்.

மேலை மருத்துவம் இங்கே வந்த வழி நெய்யூர். 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே அங்கே மருத்துவப் பணி தொடங்கினார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட சாமர்வெல் பின்னாளில் நெடுங்காலம் அங்கே அறுவை மருத்துவராக இருந்தார். இன்று ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இரு மரபுகளும் எதிரெதிர் என்று நினைக்க வேண்டியதில்லை. தொடை முறிவுக்கு உலகெங்கும் பயன்படும் தாமஸ் சட்டத்தை உருவாக்கிய ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு கட்டி வந்த குடும்பத்துப் பிள்ளை.

அடிபடாமல் வரும் கேடுகள்

காசநோய் முதுகெலும்பைத் தாக்கினால் முள்ளெலும்பு கரைந்து கூன் விழும். மாதக்கணக்கில் மருந்து தின்றால் குணமாகும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பு தடித்து முதுகு இறுகும். சென்னை மாகாணத்தில் 1937இல் இது பதிவானது. இன்று தமிழ்நாட்டில் இது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிரச்சினை. வைட்டமின் டி குறைந்தால் சிறுவருக்குக் கால் வளையும், பெரியவருக்கு எலும்பு மென்மையாகி வலிக்கும். மரச்சீனிக் கிழங்கில் கால்சியம் சொற்பம். அதற்குத் தொட்டுக்கொள்ளும் நெத்தோலியை முள்ளோடு மென்று தின்பதால் அந்தக் குறை ஓரளவு ஈடாகிறது.

பரவலானது எலும்புப்புரை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது. எலும்படர்த்தி ஸ்கேனில் டி-மதிப்பு (T-score) −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று கணக்கு. வலி இருக்காது, முற்றத்தில் வழுக்கி மணிக்கட்டு முறியும்போதுதான் பலருக்கும் தெரியவரும். ஐம்பதைக் கடந்த பெண் சாதாரணமாக விழுந்து கையை முறித்துக்கொண்டால், கட்டுப் போட்டதோடு நிறுத்தாமல் அந்த ஸ்கேனையும் எடுக்க வேண்டும். அவருக்கு அடுத்து முறியக்கூடியது இடுப்பு.