பெரிய எழுத்துக்குக் கிடைத்த வேலை

பெரிய எழுத்தில் தொடங்கினால் ‘ப்ராப்பர் நவுன்’, அதாவது தனிப்பெயர்; இல்லையென்றால் ‘காமன் நவுன்’, பொதுப்பெயர். இங்கிலீஷ் இலக்கணத்தில் பலருக்கும் நினைவில் நிற்பது இந்த அடையாளம்தான். ஆனால் அடையாளம் நேற்று வந்தது. பாகுபாடு கிறிஸ்துவுக்கு முந்தையது.

மனிதன், குதிரை என்பவை பலருக்கும் பொதுவான தன்மையைக் குறிக்கின்றன, சாக்ரடீஸ் என்பது ஒருவருக்கே உரியதைக் குறிக்கிறது என்று பிரித்தவர்கள் கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதிகள். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிரிசிப்பஸ் இரண்டையும் வெவ்வேறு சொல்வகை என்றே வைத்தார். பின்வந்த இலக்கணக்காரர்கள் பெயர்ச்சொல்லின் இரு பிரிவுகளாக்கினார்கள். இலத்தீன் அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

இங்கிலீஷில் அதை எழுதிவைத்தவர் ஆல்ஃப்ரிக் என்ற துறவி. 1000ஆம் ஆண்டை ஒட்டி, மாணவர்களுக்காக இலத்தீன் இலக்கணத்தை இங்கிலீஷிலேயே விளக்கினார். தனிப்பெயருக்கு அவர் காட்டிய சான்றுகள் எட்கர், ஆதெல்வோல்ட். பொதுப்பெயருக்கு அரசன், பிஷப். எட்கர் இங்கிலாந்தின் அரசர். ஆதெல்வோல்ட் வின்செஸ்டர் பிஷப், ஆல்ஃப்ரிக்கின் ஆசிரியரும்கூட. இருவரும் முறையே 975இலும் 984இலும் காலமாகிவிட்டார்கள். அரியணையில் வேறு அரசர் வந்தாயிற்று, வின்செஸ்டருக்கும் வேறு பிஷப். எட்கருக்குப் பதில் இன்னொரு எட்கரை உட்காரவைக்க முடியுமா? இன்றைய பாடநூல்கள் இவ்வளவு கூர்மையாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

இந்த விளக்கத்துக்குப் பெரிய எழுத்தே தேவைப்படவில்லை. அக்காலக் கையெழுத்துப் பிரதிகளில் அது பெரும்பாலும் வாக்கியமோ பகுதியோ தொடங்குவதைக் காட்டத்தான். அச்சு வந்தபின் நிலைமை தலைகீழானது: 1700 வாக்கில் இங்கிலீஷ் நூல்களில் ஏறக்குறைய எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து. 1726இல் வந்த ‘கலிவரின் பயணங்கள்’ முதல் பதிப்பைப் புரட்டினால் பக்கமெங்கும் அதுதான். எல்லாமே தலைதூக்கி நின்றால் கண் எதில் நிற்கும்? அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வழக்கம் மறைந்தது. யார்க் நகரின் பெண்கள் பள்ளிக்காக 1795இல் இலக்கணம் எழுதிய லிண்ட்லி மர்ரே, அந்தப் பழைய முறை தொல்லை தந்தது, பக்கத்தை நெருக்கடியாக்கியது, அதனால் கைவிடப்பட்டது என்று குறித்துவைத்தார்.

பொதுப்பெயர்கள் இறங்கிக்கொள்ள, தனிப்பெயர்கள் பெரிய எழுத்தோடு மிஞ்சின. பங்கீடு ஒழுங்காக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமைக்குப் பெரிய எழுத்து, கோடைக்காலத்துக்குச் சிறிய எழுத்து. ‘தமிழ்’ என்பது பெயரடையாக வந்தாலும் இங்கிலீஷில் பெரிய எழுத்துதான். எழுத்தை மட்டும் பார்த்து விடை எழுதும் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். டேனிஷ் மொழி எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து போடுவதை 1948இல்தான் விட்டது. ஜெர்மன் இன்றும் விடவில்லை. அங்கே நாய்க்கும் பெர்லினுக்கும் ஒரே மரியாதை.