அம்புக்குறிக்குள் நடந்தது

பள்ளியில் நாங்கள் பிரெஞ்சு மொழியில் வேதியியல் படித்தோம். சமன்பாட்டின் இடப்பக்கம் பழைய பொருள், வலப்பக்கம் புதியது, நடுவில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். போர்க்காலத்தில் கடற்படையில் ரேடார் பணி பார்த்த ஜார்ஜ் போர்ட்டர், தம் ஆசிரியர் நாரிஷுடன் சேர்ந்து 1949-இல் வாயுவின் மீது பளிச்சென்று ஓர் ஒளியைப் பாய்ச்சி மூலக்கூறுகளை உடைத்தார். உடனே இன்னோர் ஒளியால் உடைந்தவற்றைப் பதிவு செய்தார். 1967-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனாலும் பிணைப்பு அறுபடும் கணம் மட்டும் தப்பிவிட்டது.

அதைப் பிடித்தவர் எகிப்தில் பிறந்த அகமது செவைல். 1987-இல் கலிபோர்னியாவில் அவர் குழு லேசர் ஒளியால் அயோடின் சயனைடு வாயுவை உடைத்தது. ஆன நேரம் சுமார் 200 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியைக் கோடியால் வகுத்து, வந்ததைப் பத்துக் கோடியால் வகுத்தால் ஒரு ஃபெம்டோ விநாடி!

அதற்குக் கடிகாரம் ஏது? முதல் ஒளி உடைக்க, இரண்டாவது ஒளி பார்க்க. இரண்டாவதை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றிவர விட்டால், மூன்று ஃபெம்டோ விநாடிக்குச் சற்று மேல் தாமதமாகும். தூரத்தைக் கொண்டே காலத்தை அளந்தார்கள். 1999-இன் வேதியியல் நோபல் பரிசு செவைல் ஒருவருக்கே கிடைத்தது.

பேரனின் புத்தகத்தில் அதே அம்புக்குறி இருக்கிறது. இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன்.