சிறிய சொற்களின் வழக்கு

ஆங்கிலம் கற்கும் நம்மவர்கள் பெரும்பாலும் நீளமான சொற்களைக் கண்டே அஞ்சுகிறார்கள். அகராதி தயாரிப்பவர்களுக்கு அந்த அச்சம் கிடையாது. அவர்களை வருடக்கணக்கில் அலைக்கழிப்பவை பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த குட்டிச் சொற்கள். 1928இல் முழுமை பெற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு உரியது. பின்னர் நடந்துவரும் திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்திவிட்டது. அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள் இருப்பதாக 2011இல் செய்தி வெளியாயிற்று. ஆங்கிலத்தில் மனிதன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மூக்கும் ஓடுகிறது. தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். பிரிட்டிஷார் நம்மைப்போல் நிற்கிறார். (நின்றே ஜெயிப்பவர்கள் நம்மிடையேதான் அதிகம் என்று தோன்றுகிறது.)

இதெல்லாம் ரசிக்கத் தக்கவைதான். ஆனால் சாதாரணச் சொல்லொன்று இடம் மாறிப் பொருள் மாறும்போது அதற்கான விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டிய தருணங்களும் உண்டு. அப்படிப்பட்ட சிலவற்றைப் பற்றியே இங்கே சொல்ல நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத்தலைமைகள் கூடிப் பேசியபோது நிகழ்ந்த ஒரு குழப்பத்தைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் குறிப்பிடுகிறார். பிரிட்டிஷ் தரப்பு ஓர் அறிக்கையை அவசரமாக விவாதிக்க விரும்பி, அதை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றது. அமெரிக்கர்கள் கடுமையாக மறுத்தனர். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகே இரு தரப்பும் ஒன்றையே விரும்புவது தெரியவந்தது. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு மேசையில் எடுத்து வைத்து விவாதிப்பது என்று பொருள். அமெரிக்காவிலோ விவாதிக்காமல் ஒத்திவைப்பது என்று பொருள். நம் சட்டமன்றங்கள் பிரிட்டிஷ் வழியைப் பின்பற்றுவதால் நாம் அதைத் 'தாக்கல்' என்கிறோம். நல்லவேளையாக, தமிழில் அதற்கு இரண்டு பொருள் இல்லை.

அந்த அறையில் வீணானது நேரம் மட்டுமே. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் கொரியாவில் நடந்தது அப்படிப்பட்டதன்று. 1951 ஏப்ரல் 22 முதல் 25 வரை இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படையின் பெருந்தாக்குதலை எதிர்கொண்டது பிரிட்டனின் 29ஆவது பிரிகேட். அதில் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன் குன்றொன்றில் சுற்றி வளைக்கப்பட்டது. பிரிகேடியர் டாம் பிராடி தம் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி ராபர்ட் சோலிடம் நிலைமை 'கொஞ்சம் ஸ்டிக்கி' என்று தெரிவித்ததாகச் சொல்லப்படுகிறது. பிசுபிசுப்பைக் குறிக்கும் அந்தச் சொல், எதையும் குறைத்தே சொல்லப் பழகிய பிரிட்டிஷ் அதிகாரியின் வாயில், அழிவு நெருங்கிவிட்டது என்று பொருள்படும். சிரமந்தான், ஆனாலும் சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கத் தளபதி புரிந்துகொண்டாராம். குளோஸ்டர் வீரர்களில் 59 பேர் மாண்டனர். 500க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தப்பி வந்தவர்கள் சுமார் 40 பேர்.

ஒரு போரின் முடிவை ஒரே சொல்லின் தலையில் கட்டுவது சரியன்று என்பது என் எண்ணம். எதிரியின் எண்ணிக்கையும், படைகள் நிறுத்தப்பட்டிருந்த இடைவெளியும் தம் வேலையைச் செய்திருந்தன. எனினும் இந்தக் கதை இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இருவரும் பேசியது ஒரே மொழி. ஆகவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தேவைப்படவில்லை என்பதே ஆபத்தாயிற்று.

போர்க்களத்தை விட்டு நீதிமன்றத்துக்கு வருவோம். அங்கே சொற்களின் பொருளைத் தீர்மானிக்கவே ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள். போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியைப் 'பயன்படுத்தினால்' கூடுதல் தண்டனை என்கிறது ஓர் அமெரிக்கச் சட்டம். ஸ்மித் என்பவர் தம் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்து அதற்கு ஈடாகக் கொக்கெய்ன் வாங்க முயன்றார். அவர் சுடவில்லை, யாரையும் மிரட்டவுமில்லை. பண்டமாற்றுப் பொருளாக வைப்பதும் பயன்படுத்துவதுதானே என்றனர் உச்சநீதிமன்ற நீதிபதிகளில் அறுவர் (1993). துப்பாக்கியின் வகை காரணமாகச் சட்டம் விதித்த கூடுதல் தண்டனை 30 ஆண்டுகள். மாறுபட்ட மூவரில் ஒருவரான ஸ்கேலியா சொன்ன உவமை சுவையானது. நீங்கள் கைத்தடி பயன்படுத்துகிறீர்களா என்று ஒருவரைக் கேட்டால், தாத்தாவின் வெள்ளிப்பிடித் தடியை வீட்டுக் கூடத்தில் அலங்காரமாக மாட்டியிருக்கிறாரா என்று கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தடியூன்றி நடக்கிறாரா என்பதே கேள்வி என்றார். 2007இல் இதன் மறுபக்கம் அதே மன்றத்துக்கு வந்தது. போதைப்பொருளைக் கொடுத்துத் துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டவர் அதைப் 'பயன்படுத்தவில்லை' என்று முடிவாயிற்று. ஆக, ஒரே பேரத்தில் துப்பாக்கியைக் கொடுப்பவர் பயன்படுத்துகிறார், வாங்குபவர் பயன்படுத்துவதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு 1998இல் வந்த மஸ்கரெல்லோ வழக்கு இன்னும் பிடிக்கும். காரின் முன்பெட்டியில் துப்பாக்கியைப் பூட்டி வைத்துக்கொண்டு பயணம் செய்பவர் அதைக் 'கேரி' செய்கிறாரா? தீர்ப்பெழுதிய பிரேயர் அகராதிகளோடு நிற்காமல் பைபிள், ராபின்சன் குரூசோ, மோபி டிக் ஆகியவற்றிலிருந்தெல்லாம் சான்று காட்டி, வண்டியில் ஏற்றிச் செல்வதும் 'கேரி'தான் என்றார். மாறுபட்ட நீதிபதி கின்ஸ்பர்க் விடவில்லை. தியோடர் ரூஸ்வெல்டின் புகழ்பெற்ற கைத்தடி வாசகத்தையும் 'மாஷ்' என்ற தொலைக்காட்சித் தொடரையும் துணைக்கழைத்து, உடம்பில் தாங்கிச் செல்வதே அதன் பொருள் என்றார். ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மோபி டிக் வென்றது. தமிழில் இச்சட்டத்தை எழுதியிருந்தால் 'சுமந்து செல்' என்று போடுவதா, 'கொண்டு செல்' என்று போடுவதா என்பதிலேயே வழக்கு முடிந்திருக்கும்.

இவை அனைத்தையும்விட என்னை அதிகம் தொந்தரவு செய்வது லண்டனை அடுத்த கிராய்டனில் நடந்த சம்பவம். 1952 நவம்பர் 2ஆம் நாள் இரவு, மிட்டாய் மொத்த வியாபாரக் கிடங்கொன்றின் கூரைமீது இரு இளைஞர்கள் ஏறினர். கிறிஸ்டோபர் கிரெய்க்குக்கு வயது 16, கையில் துப்பாக்கி. டெரக் பென்ட்லிக்கு வயது 19. பென்ட்லி காக்காய்வலிப்பு நோயாளி. அறிவு வளர்ச்சியில் ஏறத்தாழ 11 வயதுச் சிறுவன். எழுதப் படிக்க அநேகமாகத் தெரியாது. துப்பறியும் காவலர் ஃபேர்ஃபாக்ஸ் கூரையேறி பென்ட்லியைப் பிடித்தார். அப்போது பென்ட்லி தன் நண்பனை நோக்கி 'லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்' என்று கூவியதாகக் காவலர் மூவர் பின்னர் சாட்சியம் அளித்தனர். கிரெய்க் சுட்டான். ஃபேர்ஃபாக்ஸின் தோளில் காயம். சுமார் கால்மணி நேரம் கழித்து, படிக்கட்டு வாயில் வழியே கூரைக்கு வந்த காவலர் சிட்னி மைல்ஸ் குண்டடிபட்டு இறந்தார். அதற்கு வெகுமுன்பே பென்ட்லி காவலர் பிடியில் இருந்தான்.

கொன்றவனுக்கு 18 வயது நிரம்பவில்லை. ஆகவே தூக்கிலிட முடியாது. உடன்வந்தவன் கொலைக்குத் தூண்டினான் என்று நிறுவினால் அவனை முடியும். தூண்டியதற்கு முக்கியச் சான்று மேற்கண்ட வாக்கியம்.

அதைச் சற்று நின்று பார்க்கலாம். நேர்ப்பொருளில், 'அதை அவரிடம் கொடுத்துவிடு'. 'அது' என்பது துப்பாக்கி. அப்படியானால் பென்ட்லி சரணடையச் சொல்கிறான். வழக்குப்பொருளில், 'அவனைத் தீர்த்துவிடு'. இங்கே 'அது' என்பது எதையும் சுட்டவில்லை. 'இட்' என்ற ஈரெழுத்துப் பிரதிப்பெயர் ஒரு பொருளைச் சுட்டினால் அவன் நிரபராதி; எதையுமே சுட்டாவிட்டால் கொலைகாரன். தமிழருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 'குடுடா அவனுக்கு' என்று தெருவில் ஒருவன் கத்தினால், கொடுக்க வேண்டியது பணமா, பந்தா, அறையா என்பது கத்தியவனின் கையையும் முகத்தையும் பார்த்தவருக்கே தெரியும். எழுத்தில் வந்த பிறகு அந்தக் கையும் முகமும் இருப்பதில்லை.

ஆனால் இந்த இருபொருளைப் பென்ட்லியின் தரப்பு முன்வைக்க முடியாத நிலை இருந்தது. அப்படியொரு வாக்கியமே பேசப்படவில்லை என்று இருவரும் மறுத்தனர். சொல்லாத சொல்லுக்கு நல்ல பொருள் கற்பித்தால் சொன்னதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்னொரு செய்தியும் உண்டு. 1940இல் டர்ஹாம் மாவட்டத்தில் நடந்த ஒரு காவலர் கொலை வழக்கிலும் கிட்டத்தட்ட இதே சொற்கள் சான்றாக வந்தன, இருவர் தூக்கிலிடப்பட்டனர். அந்த வழக்கிலிருந்தே கிராய்டன் கூரைக்கு இவ்வாக்கியம் குடிபெயர்ந்தது என்று ஐயுறுவோர் உள்ளனர்.

தலைமை நீதிபதி கோடார்ட் பிரபுவின் முன் விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. ஜூரிகள் 75 நிமிடங்களில் இருவரையும் குற்றவாளிகள் என்றனர். பென்ட்லிக்குக் கருணை காட்டவும் பரிந்துரைத்தனர். உள்துறை அமைச்சர் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப் ஏற்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் சுமார் 200 பேர் எழுப்பிய கோரிக்கையை விவாதிக்க அவைத்தலைவர் இடம் தரவில்லை. 1953 ஜனவரி 28 அன்று வாண்ட்ஸ்வொர்த் சிறையில் பென்ட்லி தூக்கிலிடப்பட்டார்.

நாற்பதாண்டுகள் கழித்து இவ்வழக்குக்குள் நுழைந்தவர் ஒரு மொழியியலாளர் என்பதே நமக்கு முக்கியம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மால்கம் கூல்தார்ட், பென்ட்லி காவல் நிலையத்தில் தந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை, அவனாகவே சொல்லச் சொல்ல எழுதினோம் என்று காவலர்கள் சத்தியம் செய்திருந்தனர். கூல்தார்ட் தேடியது 'தென்' என்ற சொல்லை. 582 சொற்கள் கொண்ட வாக்குமூலத்தில் அது 10 முறை வருகிறது. சாதாரண மக்களின் வாக்குமூலங்களில் ஏறத்தாழ 930 சொற்களுக்கு ஒருமுறையே வரும் சொல் அது. காவலர்களின் வாக்குமூலங்களிலோ 78 சொற்களுக்கு ஒருமுறை. வரும் இடமும் வேறுபட்டது. பேச்சில் மக்கள் 'தென் ஐ' என்றே பெரும்பாலும் சொல்வார்கள். 'ஐ தென்' என்று எழுவாயை முன்னே நிறுத்துவது காவல் நிலைய நடை. பென்ட்லியின் வாக்குமூலத்தில் அது மூன்று முறை இருக்கிறது. 'அப்புறம் நான் போனேன்' என்று பேசும் நம் பாமரர் வாயில், 'அதுசமயம் மேற்படி நபர் என்னை ஆபாச வார்த்தைகளால் திட்டி' என்ற புகார்மனு நடை வந்து உட்கார்ந்துகொள்வதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. எழுதியவர் யார் என்பதை அந்த 'மேற்படி' காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னுமொரு சிறிய சொல்லையும் அவர் கவனித்தார். துப்பாக்கி பற்றிய பேச்சே அதுவரை எழாத இடத்தில், அதை அவன் பயன்படுத்தப் போகிறான் என்று எனக்குத் தெரியாது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. ஆங்கிலத்தில் 'த கன்' என்று இருக்கிறது. 'எ கன்' என்று இல்லை. 'த' என்றால் முன்பே அறிந்த துப்பாக்கி. பென்ட்லிக்கு அது தெரிந்தே இருந்தது என்பதற்கு இவ்வரி அவருக்கு எதிராக நின்றது. தானாகக் கதை சொல்பவன் நடக்காதவற்றைப் பட்டியலிட மாட்டான். இது யாரோ கேட்ட கேள்விக்கு வந்த பதிலாக இருக்க வேண்டும், கேள்வி அழிந்து பதில் மட்டும் கதையாகிவிட்டது என்பது கூல்தார்டின் வாதம். தமிழில் இந்தச் சுட்டிடைச்சொல்லே கிடையாது. 'துப்பாக்கி' என்று மட்டும் சொல்லி நாம் தப்பித்திருப்போம்.

1993இல் பென்ட்லிக்குத் தண்டனை மட்டும் மன்னிக்கப்பட்டது. குற்றத்தீர்ப்பு அப்படியே இருந்தது. 1998 ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பிங்ஹாம் பிரபு அத்தீர்ப்பையும் ரத்து செய்தார். ஜூரிகளுக்கு கோடார்ட் ஆற்றிய தொகுப்புரை ஒருதலைப்பட்சமாக இருந்ததால் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பதே முதன்மையான காரணம். 'தென்' பற்றிய ஆய்வு அன்று. அதில் எனக்குச் சிறு ஏமாற்றம் உண்டு. சட்டம் தன் பிழையைத் தன் மொழியிலேயே ஒப்புக்கொள்ள விரும்புகிறது போலும்.

தம்பிக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிய அக்கா ஐரிஸ் பென்ட்லி அந்தத் தீர்ப்பைக் கேட்க இல்லை. முந்தைய ஆண்டு, 1997இல், இறந்துபோனார். கிரெய்க் இருந்தார். 1963இல் விடுதலையானவர். அந்த ஐந்து சொற்களுக்கு எந்தப் பொருளையும் அவர் எப்போதும் தரவில்லை. அன்றிரவு டெரக் அப்படிச் சொல்லவேயில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.